வாத்துக் குரல் எங்கிருந்து வருகிறது? எஸ்.எஸ்.பி. பிடிப்பதில் நேரும் தவறுகள்

புதிதாக ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ரிசீவர் வாங்கி 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பட்டையில் குமிழைத் திருப்புகிறவருக்கு முதல் நாள் காதில் விழுவது வாத்துக் கூட்டத்தின் இரைச்சல்தான். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். ஏற்ற இறக்கமும் இடைவெளியும்கூடப் பேச்சைப் போலவே இருக்கும். ஆனால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவர்களும் உண்டு.

ஏ.எம். ஒலிபரப்பில் குரலோடு அதைச் சுமக்கும் ஊர்தி அலையும் சேர்ந்து வருகிறது. டயல் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் ரிசீவர் அந்த அலையைப் பிடித்துக்கொண்டு குரலைச் சரியாக மீட்டுவிடும். ஹாம் ரேடியோவில் புழங்கும் எஸ்.எஸ்.பி.யில் (ஒற்றைப் பக்கப்பட்டை முறையில்) ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் குரல் பதிந்திருக்கும் இரண்டு பக்கப்பட்டைகளில் ஒன்றையும் அனுப்பும் முன்பே கழித்துவிடுகிறோம். மின்சக்தி மிச்சமாகிறது, பட்டையிலும் பாதி இடம் போதும், ஒரு குரலுக்கு ஏறக்குறைய 2.4 முதல் 3 கிலோஹெர்ட்ஸ். கழித்த ஊர்தி அலையைக் கேட்பவரின் கருவி தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதை உங்கள் கையிலிருக்கும் குமிழ் தீர்மானிக்கிறது. 100 ஹெர்ட்ஸ் தள்ளிச் சேர்த்தால் குரலின் ஒவ்வோர் அதிர்வெண்ணும் அதே 100 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும்.

“கொஞ்சம் சுருதி மாறினால் என்ன, புரிந்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நடப்பது சுருதி மாற்றமே இல்லை. ஒரு கட்டை ஏற்றிப் பாடினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் பெருகும், பாட்டு கெடாது. இங்கே நடப்பது கூட்டல். 120 ஹெர்ட்ஸில் பேசுகிற ஆணின் குரலில் 360, 480, 600 என்று மடங்குகள் அடுக்காக இருக்கும். 100 ஹெர்ட்ஸ் தவறினால் அவை 460, 580, 700 ஆகின்றன. இவை 120-இன் மடங்குகளாக இல்லாததால், குரல் என்று காது அடையாளம் காணும் உறவு அறுந்துவிடுகிறது. வாத்து பிறப்பது அந்த இடத்தில். 20, 30 ஹெர்ட்ஸ் பிசகினால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. 100-ஐத் தாண்டினால் நண்பரின் குரல்கூட அந்நியமாகிவிடும்.

பழைய ஏ.எம். பழக்கம் இன்னொரு வகையிலும் காலை வாரிவிடும். சத்தம் எங்கே உச்சமோ, மீட்டர் முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ, அங்கே நிறுத்துவது ஏ.எம்.முக்குச் சரி. எஸ்.எஸ்.பி.யில் முள் பேச்சோடு சேர்ந்து குதிக்கும். பேச்சு நின்றால் விழுந்துவிடும். மேலும், வடிகட்டியின் அகலம் 2.4 கிலோஹெர்ட்ஸ் என்றால், 200 ஹெர்ட்ஸ் தவறாக நின்றாலும் சத்தம் அவ்வளவாகக் குறையாது. இந்த வேலைக்கு மீட்டரைவிடக் காதுதான் நம்பகமான சாட்சி.

எவ்வளவு திருப்பினாலும் ஒரு சொல்கூடத் தெளியவில்லை என்றால் பக்கப்பட்டை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் பக்கப்பட்டையில் கேட்க வேண்டியதைக் கீழ்ப் பக்கப்பட்டையில் கேட்டால் குரலின் அடி உச்சியாகவும் உச்சி அடியாகவும் கவிழ்ந்துவிடும். குமிழால் அதை நிமிர்த்த முடியாது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப் பக்கப்பட்டை, மேலே மேல் பக்கப்பட்டை என்பது உலக வழக்கம். 60 மீட்டர் பட்டை மட்டும் விதிவிலக்கு: அங்கே மேல் பக்கப்பட்டை.

இனித் திருப்பும் முறை. முதலில் குமிழ் ஒவ்வொரு முறையும் நகரும் படியை 10 ஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் படியில் குரலைத் தேடுவது கோணி ஊசியால் பட்டுத் தைப்பதைப் போன்றது. பிறகு கீச்சுக் குரலின் பக்கத்திலிருந்து மெதுவாக வாருங்கள். கீழ்ப் பக்கப்பட்டையில் டயல் எண் அதிகமாக இருந்தால் குரல் கீச்சிடும். குறைந்தால் கட்டைக் குரலாக உறுமும். மேல் பக்கப்பட்டையில் நேர் எதிர். ஆக, 40 மீட்டரில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். 20 மீட்டரில் (14 மெகாஹெர்ட்ஸ்) கீழிருந்து மேலே ஏற வேண்டும். கீச்சு தணிந்து, உயிரெழுத்துகள் உருண்டு திரண்டு வரும் இடத்தில் கையை எடுங்கள். “ஹலோ”வின் நீட்டிய ஓகாரம் நல்ல உரைகல். சற்றுக் கடந்து உறுமலைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் தவறில்லை. அவருடைய இயல்பான குரலே கட்டையாக இருக்கலாம் என்பதால், முதல் சந்திப்பில் இரண்டு மூன்று வாக்கியம் கேட்டுவிட்டு முடிவு செய்வதே நல்லது.

ஆர்.ஐ.டி. என்கிற குமிழைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பெறும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும், அனுப்புவதைத் தொடாது. ஒருநாள் காலை, முந்தைய இரவு 200 ஹெர்ட்ஸ் மேலே வைத்த ஆர்.ஐ.டி.யை அணைக்க மறந்து, 40 மீட்டரில் ஒருவரைக் காதால் துல்லியமாகப் பிடித்துப் பதில் சொன்னேன். எனக்கு அவர் சரி. அவருக்கு நான் கீச்சு. அவர் என்னைச் சரிசெய்ய, டயலைத் திருப்பும் பெரிய குமிழைக் கொஞ்சம் இறக்கினார். அடுத்த முறை அவர் பேசியபோது எனக்குக் கீச்சு. நானும் இறக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் 200 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்து சுற்றில் 1 கிலோஹெர்ட்ஸ்! பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இருவரின் மடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஆர்.ஐ.டி. விளக்கு எரிவதைக் கவனித்தேன். பேச்சு தொடங்கியபின் பெரிய குமிழைத் தொடாதீர்கள். எதிரில் இருப்பவர் தள்ளியிருந்தால் அவரை ஆர்.ஐ.டி.யால் மட்டும் சரிசெய்யுங்கள். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அணைத்துவிடுங்கள். பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் காலை நெட்டில் எல்லோரும், அதை நடத்தும் நெட் கட்டுப்பாட்டாளரின் குரலுக்குத்தான் டயலைப் பொருத்த வேண்டும். கடைசியாகப் பேசியவரைத் துரத்தத் தொடங்கினால் அந்த வட்டம் நிலைக்காது.

ஐ.எஃப். ஷிஃப்ட் குமிழை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அது வடிகட்டியின் சன்னலைத்தான் நகர்த்துகிறது. குரல் மெலிந்தோ அடைத்தோ கேட்கும், வாத்தாகாது. அதுபோல, வலுவான நிலையத்தின் குரல் கரகரத்தால் டயலைக் குறை சொல்லும் முன் நாய்ஸ் பிளாங்கரை (இரைச்சல் அடக்கியை) அணைத்து, ஆர்.எஃப். கெயினை (உள்ளே வரும் அலையைப் பெருக்கும் அளவை) குறைத்துப் பாருங்கள்.

திரையில் தெரியும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தவறு. பலர் முழு கிலோஹெர்ட்ஸில் நிற்பது உண்மைதான். ஆனால் உங்கள் கருவிக்குள் அதிர்வெண்ணை உண்டாக்கும் அலையியற்றி பத்து லட்சத்தில் ஐந்து பங்கு பிசகியிருந்தால் 14 மெகாஹெர்ட்ஸில் அது 70 ஹெர்ட்ஸ், 28-இல் 140. சோதிக்க, 10 மெகாஹெர்ட்ஸில் வரும் நேரக்குறி நிலையங்களில் ஒன்றைப் பிடியுங்கள். டயலை 9.999-இல் வைத்து மேல் பக்கப்பட்டையிலும், 10.001-இல் வைத்துக் கீழ்ப் பக்கப்பட்டையிலும் கேளுங்கள். இரண்டு சுருதியும் ஒன்றாக ஒலித்தால் கருவி சரி. வித்தியாசம் இருந்தால் அதில் பாதிதான் பிழை.

வீட்டில் கட்டிய கருவிக்கு வேறொரு சங்கடம் உண்டு. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எஸ்.எஸ்.பி. கருவியை எத்தனையோ பேர் கையால் கட்டியிருக்கிறார்கள். அதன் முதல் வடிவத்தில் இருந்ததைப் போன்ற கம்பிச்சுருள் அலையியற்றி சூடேறும் வரை நகர்ந்துகொண்டே இருக்கும். கருவியைப் போட்டவுடன் அழைக்காமல் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருங்கள். மின்விசிறிக் காற்று சுருளின்மேல் நேராகப் படவும் விடாதீர்கள்.

பட்டையின் ஓரத்தில் மட்டும் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். திரை காட்டுவது கழித்துவிட்ட ஊர்தி அலையின் இடம். குரல் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 20 மீட்டர் பட்டை 14.350 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. 14.349-இல் மேல் பக்கப்பட்டையில் பேசினால் திரையில் எண் உள்ளே இருக்கும்; குரலில் பெரும்பகுதி வேலிக்கு வெளியே போயிருக்கும். 14.347-ஐத் தாண்டாமல் இருங்கள்.