தொண்டை ஸ்வாப்பும் நாலு கொலனியும்: நான் விட்ட பிழைய நீங்களும் விடாதீங்க

போன கிழமை களுவாஞ்சிகுடில இருந்து வாற ஒரு புள்ள, இதுதான் முதல் புரொஜெக்ட், பிளட் அகார்ல (ரத்தம் கலந்த ஜெலி பிளேட்) கிடந்த நாலஞ்சு கொலனிய (பக்டீரியா பெருகி வந்த புள்ளிகள) லூப்பால (கம்பி வளையம்) வழிச்சு ஒரே டியூப்புல போட்டத கண்டதும் எனக்கு பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்துட்டு. புள்ளைகள்ட தொண்டைல பஞ்சுக் குச்சியால (ஸ்வாப்) எடுத்து, தொண்டை நோவ குடுக்கிற குரூப் ஏ ஸ்ட்ரெப் எண்ட பக்டீரியால எத்தின டைப் இருக்கு எண்டு பாக்கிற வேலை இது. ஸ்வாப் நாக்குல முட்டப்படாது, லேபல் ஒட்டணும் எண்டதெல்லாம் நான் சொல்ல வரல்ல.

நாலு கொலனிய ஒண்டா போடுறது

என்ட காச திண்ட பிழை இது. குரூப் ஏ ஸ்ட்ரெப் எண்டு பேர் ஒண்டுதான், ஆனா அதுட மேல்பரப்புல இருக்கிற எம் புரதத்துட ஜீன வச்சு பிரிச்சா 200க்கு மேல டைப் இருக்கு, ஒரு டைப்புக்கு வந்த எதிர்ப்பு சக்தி மற்ற டைப்ப தடுக்கும் எண்டு நம்ப ஏலா. ஒரே புள்ளைட தொண்டைல ரெண்டு டைப்பும் இருக்கலாம். எனக்கு அது தெரியாது, நாலு எடுத்தா டிஎன்ஏ கூட வரும் எண்டு நினைச்சன். அந்த ஜீன பிசிஆர்ல (கொப்பி எடுத்து பெருக்கிறது) பெருக்கி ஓட்டினா ஜெல்லுல பேண்ட் (டிஎன்ஏ கோடு) வடிவா வந்திச்சு. காசு கட்டி சீக்குவன்சிங்குக்கு (ஜீன்ட எழுத்துகள வாசிக்க) அனுப்பினா, ஒரே வரியில ரெண்டு பேர் எழுதின மாதிரி பீக்குக்கு மேல பீக். டைப்ப முடிவு பண்ணுறதே அந்த ஜீன்ட தொடக்கத்துல இருக்கிற கொஞ்ச எழுத்துதான், அதுவே வாசிக்க ஏலாம போச்சு.

அத விட மோசம், ஒரு டைப் கூடவும் மற்றது குறைவாவும் இருந்தா ரிசல்ட் சுத்தமா வரும், அரிதான டைப் சத்தமில்லாம காணாம போயிடும். எத்தின வகை இருக்கு எண்டு எண்ணத்தானே இவ்வளவு பாடு!

சேர் ஏசல்ல. "பிளேட் எங்க மனே?" எண்டு மட்டும் கேட்டார். நான் எல்லாத்தையும் ஓட்டோகிளேவ்ல (நீராவில கிருமி கொல்லுற மெஷின்) போட்டு எறிஞ்சிட்டன். புள்ளைகளும் மருந்து குடிச்சு சுகமாகிட்டாங்க, திரும்ப ஸ்வாப் எடுத்து என்ன செய்ய?

ஒரு கொலனி எடுங்க, புது பிளேட்டுல கீறுங்க (லூப்பால கோடு கோடா பரப்புங்க), அடுத்த நாள் அதுல இருந்து ஒண்டு எடுத்து இன்னொருக்கா கீறுங்க, பிறகு டிஎன்ஏ. நாலு கொலனி வேணுமெண்டா நாலு டியூப், நாலு நம்பர். கிளிசரோல்ல ஸ்டொக் (உறைய வச்ச சேமிப்பு) வைக்காம பிளேட்ட எறியவே வேணாம்.

எக்ஸ்பயரான மனித ரத்தத்துல பிளேட் ஊத்துறது

வேணாம். செம்மறி ரத்தம்.

பசிட்ராசின் டிஸ்க்க மட்டும் நம்புறது

இந்த மருந்து வில்லைய சுத்தி பக்டீரியா வளராம வட்டம் வந்தா குரூப் ஏ எண்டு எடுக்கிறது. ஆனா வேற ஸ்ட்ரெப்பான குரூப் சி, ஜில சிலதும் வட்டம் காட்டும். அதுகள்ளயும் அந்த எம் புரத ஜீன் இருக்கிறதால பிசிஆரும் உங்கள காப்பாத்தாது. லேட்டெக்ஸ் டெஸ்ட்ல குரூப் பாருங்க.

ஒரே வீட்டுப் புள்ளைகள தனித்தனியா எண்ணுறது

ஒரே பாயில படுக்கிற அண்ணன் தம்பி மூணு பேரிட்டயும் ஒரே டைப் வந்தா அது மூணு இல்ல, ஒரு தொற்று சுத்தினது. வீட்ட ஃபோம்ல குறிச்சு வைங்க.

அந்த களுவாஞ்சிகுடிப் புள்ளைட பிளேட் நல்ல காலத்துக்கு இன்னும் பிரிட்ஜில கிடந்திச்சு. திங்கக்கிழமை வந்து திரும்ப கீறச் சொல்லியிருக்கன்.