பழைய லேப்டாப் விற்கிறீர்களா? டி டிரைவைப் பார்த்தீர்களா?

போன சனிக்கிழமை பெங்களூரு எஸ்பி ரோட்டில், எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில், ஒரு தம்பி, கடைக்காரரிடம் லேப்டாப்பை நீட்டி, "எல்லாம் டிலீட் பண்ணிட்டேண்ணா" என்றான். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததைத்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் சில வருஷம் முன்னால் இதே தெருவில் இதே பெருமையோடு நின்றவன் நான். பேக்கப் எடுங்கள், திரையைத் துடையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

டி டிரைவ் என்று ஒன்று இருக்கிறது

டிலீட் செய்தால் ஃபைல் போய்விடாது. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்கில் அப்படிப் போனதை ரெக்குவா மாதிரி இலவச மென்பொருளே மீட்டுவிடும். இது தெரிந்துதான் நான் அடுத்த லேப்டாப்பை விற்கும்போது விண்டோஸையே ரீசெட் செய்தேன். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றுதானே போட்டிருக்கிறது! ஆனால் அதில் சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி (சிப்பில் எழுதும் டிஸ்க்), டி டிரைவ் தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி மட்டும் சுத்தமானது.

இரண்டு நாள் கழித்து, வாங்கிய பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம்: என் பான் கார்டு. கீழே, "அண்ணா, இது உங்களோடதா?" நல்ல பையன், பிழைத்தேன். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போய், அவன் எதிரிலேயே துடைத்துக் கொடுத்துவிட்டு, அலைச்சலுக்கு ஆயிரம் ரூபாயும் வைத்துவிட்டு வந்தேன். மனைவியின் ஃபார்ம் 16, பாஸ்வேர்டு எல்லாம் எழுதி வைத்த எக்செல் ஷீட், இரண்டும் அதே டிஸ்கில். அன்று ராத்திரி முழுக்க பாஸ்வேர்டு மாற்றும் வேலைதான்.

இன்னும் எரிகிறது, ஏனென்றால் வழி அந்த ரீசெட் திரையிலேயே இருந்திருக்கிறது. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போனால் 'க்ளீன் டேட்டா', 'டிலீட் ஃபைல்ஸ் ஃப்ரம் ஆல் டிரைவ்ஸ்' இரண்டும் சாதுவாக 'நோ'வில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் 'யெஸ்' ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள்.

எஸ்எஸ்டி

இது இடம் மாற்றி மாற்றி எழுதும் சாமான், மேலே எழுதி அழித்தாலும் பழைய துண்டு எங்காவது தங்கலாம். முதலில் முழு டிரைவுக்கும் பிட்லாக்கர் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி), அப்புறம் ரீசெட்.

மேக்புக்

தொலைந்ததைக் கண்டுபிடிக்க ஆப்பிள் வைத்திருக்கும் 'ஃபைண்ட் மை'யை அணைக்காமல் கொடுத்தால், மேக்புக் உங்கள் ஆப்பிள் கணக்கோடு பூட்டியே இருக்கும், வாங்கியவர் கையில் இருப்பது அலுமினியத் தட்டு.

பயாஸ் பாஸ்வேர்டு

விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும் பாஸ்வேர்டு இது. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மெமரி கார்டு ஸ்லாட்

விரலால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் லேப்டாப்பைக் கடைக்காரர் திறந்தார். டி டிரைவில் 'பெர்சனல்' என்று ஒரு ஃபோல்டர். தம்பி எதுவும் பேசாமல் மூடி, பையில் போட்டுக்கொண்டு, மெட்ரோ பக்கம் நடந்துவிட்டான்.