மூடிக் கிடக்கும் பனிச்சறுக்கு மலையை எழுப்ப நினைப்போர் செய்யும் தவறுகள்

ஜப்பானியப் பனிமலைகள் மீது சிங்கப்பூர்ப் பணத்துக்குக் கண் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே தலைமையகம் வைத்திருக்கும் பேஷன்ஸ் கேப்பிட்டல் குரூப், நீகாட்டா மாநிலத்தின் மியோகோ வட்டாரத்தில் 200 பில்லியன் யென்னுக்கு மேல் செலவாகும் உல்லாசத்தலத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. பெரிய கைகள் இறங்கினால் சின்னக் கைகளுக்கும் ஆசை வரும். "அங்கே மலையே மலிவா வருதாமே, நாலு பேர் சேர்ந்து எடுத்து நடத்தினா என்ன?" என்ற பேச்சு நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடிபடுகிறது. நடத்தலாம். அதற்கு முன்னால் மற்றவர்கள் எங்கே சறுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

பெரும்பாலோர் செய்கிற முதல் தவறு, மலை ஏன் மூடியது என்று கேட்காமலே எப்படித் திறப்பது என்று திட்டம் போடுவது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் சேடில்பேக் என்று ஒரு தலம். பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் கிடையாது. சறுக்குவோரை மேலே ஏற்றும் முக்கியமான நாற்காலி லிஃப்ட் 1963இல் போட்டது. அதை மாற்றக் கடன் கிடைக்கவில்லை என்று 2015இல் உரிமையாளர்கள் மலையையே மூடிவிட்டார்கள். ஐந்து பனிக்காலம் ஆள் நடமாட்டம் இல்லை. 2020இல் வாங்கிய புதிய முதலாளிகள் முதல் வேலையாக அந்த லிஃப்டை மாற்றினார்கள். அதே டிசம்பரில் மலை திறந்தது. ஹோட்டல், சின்னம், விளம்பரம் எல்லாம் அப்புறம். எது போய் மூடியதோ அதைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்த வரிசையில் செய்பவர்கள் குறைவு.

ஏனென்றால் லிஃப்டில் பணம் போட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பும். அதுவும் வருடத்தில் நாலு மாதம். கொண்டோ கட்டி விற்றால் ஒரே தடவையில் கை நிறையும். எனவே வீடு விற்ற பணத்தில் மலையை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஐடஹோ மாநிலத்தில் டாமரக் என்ற தலம் 2004இல் இப்படித்தான் வீட்டு மனைகளை நம்பித் திறந்தது. 2008இல் வீட்டுச் சந்தை சரிந்ததும் திவால். கட்டி முடிக்காத கட்டடங்கள் வருடக்கணக்கில் அப்படியே நின்றன. கடன் கொடுத்த வங்கி ஒரு லிஃப்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போனது. வீட்டு விற்பனை ஒருநாள் முடிந்துவிடும், லிஃப்டுக்கான மின்கட்டணம் முடியாது.

சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டைக் காட்டி "அங்கே நடந்ததே" என்பார்கள். உண்மைதான், ராணுவம் கிளம்பிப் போனதும் படுத்துவிட்ட மலைக் கிராமம் அது. எகிப்தியத் தொழிலதிபர் சமீ சவீரிஸ் அதை நிமிர்த்தினார். அவரும் ஹோட்டலைத்தான் முதலில் திறந்தார், 2013இல். பக்கத்துச் செட்ரூன் மலையோடு லிஃப்ட் இணைப்பு முழுதாக வந்தது 2018இல். நடுவில் அத்தனை வருடம் பொறுக்க அவரிடம் பணம் இருந்தது, வெளிநாட்டவர் வீடு வாங்கச் சுவிஸ் அரசின் தனிச் சலுகையும் இருந்தது. இந்த இரண்டும் இல்லாதவர் ஆண்டர்மாட்டை உதாரணமாக எடுப்பது ஆபத்து.

பனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொலிவியாவில் 5,000 மீட்டருக்கு மேலே இருந்த சக்கல்டாயா பனிப்பாறை 2009இல் முற்றாகக் காணாமல் போனது. அதோடு அங்கிருந்த சறுக்குத் தலமும் போயிற்று. செயற்கைப் பனி போட்டுக்கொள்ளலாம் என்பவர்கள், அதற்கும் குளிர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீரும் நிறைய வேண்டும். ஆகவே பழைய படங்களில் தெரிகிற பனியை நம்பாமல், கடைசிப் பத்து வருடங்களின் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது, சறுக்குகிறவர்களை மட்டுமே வாடிக்கையாளராக எண்ணுவது. ஜப்பானில் 1987இல் உல்லாசத்தலச் சட்டம் வந்த பிறகு மலைமலையாகத் தலங்கள் முளைத்தன. 1990களின் உச்சத்தில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் சறுக்கினார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காலத்துக் கூட்டத்துக்காகப் போட்ட லிஃப்டுகள் அப்படியே நிற்கின்றன, ஏறத்தான் ஆளில்லை. ஹொக்கைடோவின் டோமாமுவை 2004இல் ஹோஷினோ நிறுவனம் எடுத்தபோதும் இதே நிலைமைதான். அங்கே கேபிள் கார் ஊழியர்கள் கோடைக்கால விடியலில் மேலே வேலைக்குப் போகும்போது தினமும் ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறார்கள்: காலுக்குக் கீழே மேகக் கடல். இதை விருந்தினருக்கும் காட்டி ஒரு காபி கொடுத்தால் என்ன என்று அவர்களே சொன்னார்கள். மேகக் கடலைப் பார்க்கும் உன்காய் தளம் இப்படித்தான் பிறந்தது. பனியே இல்லாத மாதங்களில் அதிகாலையிலேயே அங்கு வரிசை நிற்கிறது. ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பாதியைப் பழைய ஊழியர்களோடு உட்கார்ந்து பேசச் செலவழித்தால் போதும் என்பேன்.

நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூரோங்கில் 2000இல் திறந்த ஸ்னோ சிட்டியில்தான் இங்குள்ள பல பிள்ளைகள் முதலில் பனியைத் தொட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பம் ஹொக்கைடோ போனால் எட்டுப் பேரில் இரண்டு பேர் சறுக்கினால் அதிகம். பாட்டி பனியைக் கையில் எடுத்துப் பார்ப்பார், படம் எடுப்பார், பிறகு சூடாக உட்கார ஓர் இடம் தேடுவார். மரக்கறி சாப்பிடுபவர் என்றால் மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும், அவருக்கு என்ன கொடுப்பது? தென்கிழக்காசியப் பயணிகளை நம்பித் திட்டம் போடுவோர் இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். நாட்காட்டியையும்தான். நம் பள்ளி விடுமுறை நவம்பர் பின்பாதியில் தொடங்கி டிசம்பரோடு முடிகிறது. ஹொக்கைடோவில் நல்ல பனி ஜனவரி, பிப்ரவரியில். அப்போது நமக்குக் கிடைப்பது சீனப் புத்தாண்டு விடுமுறை மட்டும், அந்த வாரம் விலையும் மலை உச்சிக்குப் போய்விடும்.

வழக்கமாக வந்துபோகும் பழைய வாடிக்கையாளர்களை விரட்டுவதும் நடக்கும். இதற்கு நாம் ஜப்பான் வரை போக வேண்டாம். இலவசமாகச் சுற்றிப் பார்த்துவந்த நம் ஹா பர் வில்லா பூங்காவை 1990இல் கட்டணம் வாங்கும் கேளிக்கைப் பூங்காவாக மாற்றினார்கள். சில வருடங்களில் கூட்டம் குறைந்து நட்டம் வந்தது, கடைசியில் நுழைவுக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஊழியர் எங்கே தூங்குவார்கள் என்பது திட்ட அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் வரும், வந்தால். ஹொக்கைடோவின் நிசேகோ சறுக்குத் தலம் அசுர வேகத்தில் வளர்ந்த பிறகு பக்கத்திலுள்ள குட்சான் ஊரில் வாடகை ஏறி, அங்கே வேலை செய்பவர்களுக்கே வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. தங்கும் கட்டணத்தில் 2% வரி என்று 2019இல் அந்த ஊர் கொண்டுவந்தது, பயணிகளால் வரும் செலவை ஊர் மட்டும் சுமக்க முடியாது என்பதால். தொலைதூர மலையில் சமையல்காரருக்கு அறை இல்லையென்றால் சமையலறை திறக்காது.

ஊராட்சிகள் செய்யும் தவறு வேறு மாதிரி. ஹொக்கைடோவின் யூபாரி ஒரு பழைய நிலக்கரி நகரம். 1960இல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள், இன்று பத்தாயிரம்கூட இல்லை. சுரங்கம் போன பிறகு சுற்றுலாவில் கொட்டிய பணம் 2007இல் நகராட்சியைத் திவாலுக்கு ஒப்பான நிதி மீட்பு நிலைக்குத் தள்ளியதில் பெரும் பங்கு வகித்தது. பிறகு 2017இல் சறுக்கு மலையையும் ஹோட்டல்களையும் ஒரு சீன முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். இரண்டே வருடத்தில் அது ஹாங்காங் நிதியம் ஒன்றுக்குக் கைமாறியது. 2020 டிசம்பரில், சரியாகப் பனிக்காலம் தொடங்கும் நேரத்தில், நடத்திய நிறுவனம் கைவிரித்துவிட்டது. வாங்குகிறவர் இத்தனை வருடம் நடத்தியே ஆக வேண்டும், மறுபடி விற்பதானால் ஊரைக் கேட்க வேண்டும் என்று பத்திரத்தில் கெட்டியாக எழுதாதவரை, வாங்குகிறவர் கண்ணுக்கு மலை வெறும் நிலம்தான்.

இனி மலையை நடத்த வேண்டாம், கொஞ்சம் முதலீடோ ஒரு வீடோ போதும் என்பவர்களுக்கு. வெர்மான்ட்டின் ஜே பீக் தலத்துக்காக, முதலீடு செய்தால் அமெரிக்க நிரந்தரவாசம் என்ற திட்டத்தில் வெளிநாட்டவரிடம் 35 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதில் 20 கோடிக்கு மேல் முறைகேடாகப் போனது என்று 2016இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் வழக்குப் போட்டது. நிரந்தரவாச ஆசையும் பனிமலைப் படமும் ஒன்றாக வரும் விளம்பரத்தை இரண்டு தடவை படியுங்கள்.

நீகாட்டாவின் யுசாவாவில் 1980களின் பொருளாதாரக் குமிழிக் காலத்தில் கட்டிய மாடி வீடுகள் இப்போது 100,000 யென்னுக்குக்கூட விற்பனைக்கு வருகின்றன. ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் குறைவு. இங்கே கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇக்கு நாம் கட்டுவதோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, சொத்து வரி உண்டு. முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பராமரிப்புக் கட்டணமும் ஜப்பானியச் சட்டப்படி புதிதாக வாங்குகிறவர் தலையில்தான் விழும். அந்தப் பாக்கி எவ்வளவு என்று நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் வாங்கிய பிறகு விலையைப் பேசலாம்.