உயர்மட்ட மெட்ரோ தடம்: திட்டமிடும் மேசையிலேயே நேரும் தவறுகள்

மொரிஷியஸ் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் சிலர், பெருநகரம் ஒன்றுக்கென வரைந்த உயர்மட்ட (தூண்கள் தாங்கும் பாலத்தின் மேல் ஓடும்) மெட்ரோ தடத்தின் வரைபடங்களை அண்மையில் எனக்குக் காட்டினார்கள். எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகள் வரிசை மாறாமல் அவற்றில் இருந்தன. பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது, செலவைக் குறைத்துச் சொல்வது ஆகியவற்றை எல்லாரும் அறிவர் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

தடத்துக்கு நிலம் காத்திருக்கிறது என்று எண்ணுவது

நம் மொரிஷியஸ் தீவில் 1864இல் ரயில் ஓடத் தொடங்கியது. பயணிகள் சேவை 1956இல் நின்றது. போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் செல்லும் இன்றைய மெட்ரோ எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் அந்தப் பழைய பாதையைத் தழுவியே செல்கிறது. இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எந்த நகரிலும் இப்படி ஒரு பாதை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை தம்மை அறியாமலே வந்துவிடுகிறது. பெருநகரங்களில் கிடைப்பது சாலையின் நடுத்திட்டு மட்டுமே. சென்னையிலும் டெல்லியிலும் தூண்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன.

தூணை வரைந்துவிட்டு அதன் அடியை மறப்பது

வரைபடத்தில் தூண் ஒரு சிறு வட்டம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டம் நடுத்திட்டுக்குள் அடங்கிவிட்டால், இடம் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தூணின் கீழே, தரைக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கால்களான நான்கு அல்லது ஆறு பைல்களின் தலைகளைப் பிணைக்கும் பைல் கேப் என்னும் கான்கிரீட் மேடை ஐந்தாறு மீட்டர் சதுரமாக விரிந்திருக்கும். பைலுக்குத் துளையிடும் இயந்திரமான பைலிங் ரிக் நிற்கவும் கம்பி கட்டுபவர்கள் நடமாடவும் இடம் விட்டுத் தடுப்பு வைத்தால் எட்டு ஒன்பது மீட்டர் சாலை பறிபோகும்.

சாலை சுருங்குவது கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பிவிடுவார்கள். தரைக்கடியில் கிடக்கும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள் ஆகியவற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்தியப் பெருநகரம் ஒன்றில் நான் பணியாற்றிய திட்டத்தில், பெரிய குடிநீர்க் குழாய் சாலையோரமாகச் செல்வதாகப் பழைய வரைபடம் காட்டியது. தோண்டியபோது அது நடுத்திட்டின் கீழே, தூண் வர வேண்டிய இடத்திலேயே படுத்திருந்தது. மாற்றுக் குழாய் பதித்து இணைப்புக் கொடுக்கும் வரை அதை அடைக்க முடியாது, அடைத்தால் பல குடியிருப்புகளுக்குத் தண்ணீர் நின்றுவிடும். தூணை நகர்த்தலாம் என்றால், தூண்களுக்கிடையே 28 மீட்டர் இடைவெளிக்கென்றே கான்கிரீட் துண்டுகள் வார்க்கப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. இருபுறமும் தூண்கள் எழுந்துவிட்டன. பாலத்துண்டுகளைத் தூக்கிப் பொருத்தியபடி தூணுக்குத் தூண் முன்னேறும் லாஞ்சிங் கர்டர், அந்த ஒரு தூண் இல்லாததால் அடுத்த அடி வைக்க முடியாமல் அங்கேயே நின்றது. அதற்கான வாடகை மட்டும் நிற்கவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்தப் பழைய வரைபடத்தின் மூலையில் இருந்த குறிப்பு: குழாய்களின் இருப்பிடம் உத்தேசமானது. அதை எல்லாரும் படித்திருந்தார்கள். ஒரு குழி தோண்டிப் பார்க்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. இப்போது எனக்குக் காட்டப்பட்ட வரைபடங்களிலும் அதே குறிப்பு, அதே மூலையில்.

ஆகவே தடத்தை உறுதி செய்வதற்கு முன்பே, தூண் வரவிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் கையால் சோதனைக் குழி தோண்டுங்கள். தரை ஊடுருவும் ரேடார் உதவும் என்றாலும் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை வெகு தூரம் செல்லாது என்பதால், அதை நம்பிக் குழியைத் தவிர்க்க வேண்டாம். குழாய் மாற்றும் வேலையையும் அதற்கான காலத்தையும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னரே உரிய துறைகளோடு பேசி முடியுங்கள். இடைவெளியை ஒரே அளவாக வைக்காமல் 22, 25, 28, 31 மீட்டர் எனச் சில அளவுகளைத் தொடக்கத்திலேயே வடிவமைத்து வைத்தால், சிக்கல் வரும்போது தூணைச் சில மீட்டர் நகர்த்த வழி இருக்கும்.

மண்ணைச் சராசரியாகப் பார்ப்பது

மொரிஷியஸின் எரிமலைப் பாறைக்குள் எரிமலைக் குழம்பு வடிந்து உருவான குகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கவுட்ரெயின் என்னும் விரைவு ரயிலின் பாலம் கடந்து செல்லும் செஞ்சூரியன் பகுதியில், தரை திடீரென உள்வாங்கக்கூடிய டோலமைட் பாறை இருக்கிறது. இத்தகைய நிலத்தில் மண்ணைச் சோதிக்க இடும் இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை அத்துளைகள் சொல்லமாட்டா; தூணுக்கு ஒரு துளையாவது வேண்டும்.

வடிகாலை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவது

2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் பெய்த பெருமழையில் 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிலர் கோடன் அருகே சுரங்கப்பாதையில் சிக்கியவர்கள். அந்த நகரை அறிந்த எவரும், தூணின் அடிமேடையை ஓடைக்குள் வைத்துவிட்டு, நீர் எங்காவது போய்க்கொள்ளும் என்று எழுதமாட்டார்கள். பாலத்தின் மேல்தளத்தில் விழும் மழைநீரும் குழாய் வழியே சாலைக்குத்தான் இறங்குகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்றத்தைக் கடைசியில் பார்ப்பது

கியூர்பிப் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓடுவது டிராம் வகை வண்டி. கனமான மெட்ரோ ரயில் அதைவிட மென்மையான ஏற்றத்தையே கேட்கும்.

ஊர்வல நாள்களை மறப்பது

தைப்பூசக் காவடி செல்லும் சாலையில் அந்த வாரம் தடுப்பு இருக்கக் கூடாது.

நிலையத்தின் படிக்கட்டு

படி இறங்கும் இடத்தில் நடைபாதையின் அகலத்தை அளந்து பாருங்கள். நான் பார்த்த வரைபடங்களுள் ஒன்றில் அது படியின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தது.