பெரிய காலிபர் கைத்துப்பாக்கியை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

.45 காலிபர் கைத்துப்பாக்கியை, அதாவது குழலின் உள்விட்டம் சுமார் 0.45 அங்குலமுள்ளதை, முதன்முறையாகச் சுட்டவர்களில் பெரும்பாலோர், முதல் மேகசின் (தோட்டாப் பெட்டி) தீர்ந்து முடிவதற்குள்ளாகவே அது தமக்கு ஒத்துவருமா வராதா என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டெக்சாஸில் நான் வாரந்தோறும் செல்லும் உள்ளரங்கச் சுடுதளத்தில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவுவது என் வழக்கம் என்பதால், இந்த அவசரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துப்பாக்கி கைக்குப் பொருந்துகிறதா, பின்னுதைப்பைக் கை தாங்குகிறதா, ஓசையைக் காது தாங்குகிறதா, அடுத்த குண்டு குறியில் விழுகிறதா என்ற நான்கும் தனித்தனிக் கேள்விகள். அவற்றை ஒன்றாகக் குழைத்து ‘வசதியாக இருக்கிறது’ என்றோ ‘கடுமையாக இருக்கிறது’ என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிடுவதிலிருந்துதான் மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

முதல் தவறு கடை மேசையிலேயே நிகழ்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட வெற்றுத் துப்பாக்கியை ஒருமுறை இறுகப் பிடித்துப் பார்த்து, பிடி உள்ளங்கையில் நன்றாக உட்காருகிறது என்று மகிழ்ந்து வாங்கிவிடுகிறோம். உள்ளங்கைக்கு இதமாக இருப்பது மட்டும் போதாது. டிரிகரை விரல் எப்படி எட்டுகிறது என்பதுதான் அதைவிட முக்கியமான செய்தி. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதைப்பகுதி பிடியின் உச்சியில் பதிய, குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் அமைய, அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குரிய மெத்தையான பகுதி டிரிகரின் மேல் இயல்பாகப் படிய வேண்டும். நுனி மட்டுமே எட்டுமானால், வலக்கைக்காரர் டிரிகரை நேராகப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுவார். குண்டுகள் இடப்புறமாகச் சாயும். எட்டாத குறையைப் போக்கத் துப்பாக்கியைக் கைக்குள் சற்றே திருப்பிப் பிடித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பின்னுதைப்பு முன்கையின் வழியாகச் செல்லாமல் பெருவிரலின் அடிமூட்டில் நேராக வந்து இடிக்கும்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் க்ளாக் 21 என்ற .45 துப்பாக்கியைச் சுட்டபோது இதை மிக அருகிலிருந்து பார்த்தேன். 13 தோட்டாக்களை இரு வரிசையாகக் கொள்ளும் மேகசின் என்பதால் அதன் பிடி முன்னும் பின்னும் அகலமானது. நண்பரின் கைகளோ சிறியவை. இருபது தோட்டாக்களுக்குப் பிறகு அவருடைய பெருவிரலின் அடி சிவந்து வீங்கியிருந்தது; தாளில் துளைகள் எல்லாம் இடக்கீழ் மூலையில் குவிந்திருந்தன. ‘.45 எனக்கு ஆகாது’ என்றார். அதே தோட்டாவை ஒற்றை வரிசை மேகசினும் ஒல்லியான பிடியும் கொண்ட 1911 வகைத் துப்பாக்கியில் போட்டுக் கொடுத்தேன். அதே கை, அதே தூரம், அதே குண்டு. துளைகள் நடுவுக்கு வந்தன, வலியைப் பற்றிய பேச்சே எழவில்லை. அவருக்கு ஆகாமல் போனது பிடியின் அளவுதானே ஒழிய, காலிபர் அன்று. பின்புறத்திலிருந்து டிரிகருக்குள்ள தூரத்தைக் குறைத்து ‘எஸ்எஃப்’ என்ற வகையையும், பின்னர் மாற்றிப் பொருத்தக்கூடிய பின்பட்டைகளையும் க்ளாக் நிறுவனம் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுவே.

இந்தப் பாடத்தை அமெரிக்க ராணுவமே அனுபவத்தில் கற்றிருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை அது 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் கைகளில் புழங்கிய பின், அத்துப்பாக்கியில் செய்யப்பட்ட மாற்றங்களின் பட்டியலைப் பார்த்தால் அது பெரும்பாலும் கையைப் பற்றியதாகவே இருப்பது விளங்கும்: டிரிகர் குட்டையாக்கப்பட்டது, விரல் எளிதாக எட்டுமாறு டிரிகருக்குப் பின்னால் துப்பாக்கியின் உடலான சட்டத்தின் (ஃபிரேம்) இருபுறமும் செதுக்கி எடுக்கப்பட்டது, பிடியின் பின்புற அடிப்பகுதி வளைவாக்கப்பட்டது, கைச்சதையைச் சுத்தியல் கடித்துவிடாதபடி பிடியின் மேல்வால் நீட்டப்பட்டது. காலிபரையோ குழலையோ தொடாமல் இவ்வளவையும் செய்து, 1926-இல் எம்1911ஏ1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தச் ‘சுத்தியல் கடி’யை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுட்டவுடன் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடு பின்னோக்கி ஓடும்போது சுத்தியலும் கீழே சாய்கிறது; மேல்வால் குட்டையாக இருந்து கை சதைப்பற்றோடு இருந்தால், சாயும் சுத்தியலுக்கும் வாலுக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்தம் கசியும். அது சுடுபவரின் தவறும் அன்று, பின்னுதைப்பும் அன்று. வேறு வால் அமைப்புள்ள துப்பாக்கியில் அப்படியே மறைந்துவிடும். ஆனால் வலித்த கைக்கு இந்த வேறுபாடு தெரியாது. நாம்தான் கையைத் திருப்பி, காயம் எங்கே பட்டிருக்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு எடையைப் பற்றியது. இலேசான துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும். சுடும்போது கணக்கு மாறும். இத்துப்பாக்கிகளுக்குரிய .45 ஏசிபி தோட்டாவின் வழக்கமான 230 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ 15 கிராம், நொடிக்குச் சுமார் 255 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குண்டு முன்னோக்கிக் கொண்டுபோகும் உந்தத்துக்கு ஈடான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெற்றாக வேண்டும். உந்தம் மாறாதபோது, கைக்கு வந்து சேரும் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழான விகிதத்தில் அமையும். 1,100 கிராம் எடையுள்ள இரும்புச் சட்டத் துப்பாக்கியிலிருந்து 750 கிராம் எடையுள்ள ஒன்றுக்கு மாறினால், அந்த ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பதற்கு இலேசானது நல்லது என்பது உண்மையே. சுமப்பதில் கிடைக்கும் சுகத்தைச் சுடுவதில் கிடைக்கும் சுகமாக எண்ணிவிடக் கூடாது.

தோட்டாவைப் பற்றிக் கேட்காமலேயே துப்பாக்கியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் பரவலான பிழை. .45 ஏசிபி குறைந்த அழுத்தத்தில் இயங்கும் தோட்டா. அமெரிக்கத் தொழில்தர வரம்பு அதற்குச் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000, 10 மி.மீ. ஆட்டோவுக்கு 37,500. இதனாலேயே அனுபவமுள்ளவர்கள் .45-இன் உதையைத் ‘தள்ளுகிறது’ என்றும், 10 மி.மீ. தோட்டாவின் உதையை ‘வெட்டுகிறது’ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். ஒரே காலிபருக்குள்ளும் இலக்குப் போட்டிக்கான 185 கிரெயின் மென்மையான தோட்டாவுக்கும் கூடுதல் அழுத்தத் தோட்டாவுக்கும் கையில் தெரியும் வேறுபாடு பெரிது. மென்மையானதைச் சுட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி சொகுசானது என்று பாராட்டியவர், பின்னர் வேறு தோட்டாவை வாங்கிப் போட்டு ஏமாந்துபோவார். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் தோட்டாவைக் கொண்டே மதிப்பிடுங்கள். அதன் கிரெயின் எடையைக் குறித்தும் வையுங்கள்.

இதில் எஃப்பிஐ கண்ட அனுபவம் கவனிக்கத்தக்கது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு முகவர்களை இழந்த பின்னர், அவ்வமைப்பு வலிமை மிக்க தோட்டாவைத் தேடி 10 மி.மீ.-க்கு வந்து சேர்ந்தது. ஆனால் முதலில் வெளிவந்த 10 மி.மீ. தோட்டாவின் முழு வேகத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. 180 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 290 மீட்டர் வேகத்துக்குத் தணித்தே ஏற்றது. அந்தத் தணிந்த வேகத்துக்கு இவ்வளவு நீளமான தோட்டாக்கூடு தேவையில்லை என்று கண்டுதான் 1990-இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா பிறந்தது. நீளம் குறைந்ததால் 9 மி.மீ. அளவிலான சட்டத்திலேயே அதைப் பொருத்த முடிந்தது. பயிற்சி பெற்ற முகவர்களுக்கே தோட்டாவின் வேகமும் பிடியின் அளவும் விலக்க முடியாத கேள்விகளாக இருந்திருக்கின்றன என்றால், மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போகிறவர் அவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காதை மறந்துவிட்டுக் கையை மட்டும் குற்றம் சொல்வதை நான் அடிக்கடி காண்கிறேன். கைத்துப்பாக்கியின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டும் திடீர் ஓசையே செவிக்குக் கேடு. கூரை தாழ்ந்த உள்ளரங்கில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டாலே நெஞ்சில் அதிர்வு தெரியும். உடல் அந்த வெடிப்புக்கு அஞ்சிச் சுருங்குகிறது. சுருங்கியதை நாம் பின்னுதைப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். செவிக்குள் அடைப்பான், அதன் மேல் காதுறை என்று இரண்டையும் அணிந்து சுட்டுப் பாருங்கள். ‘உதைக்கிறது’ என்ற புகாரில் கணிசமான பகுதி அத்துடன் நின்றுவிடுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

துப்பாக்கி தடைபட்டால் உடனே அதன் மேல் பழி போடுவது இன்னொன்று. பின்னுதைப்பால் இயங்கும் துப்பாக்கியில் சட்டத்தைக் கை உறுதியாக நிறுத்தி வைத்தால்தான் ஸ்லைடு முழுத் தூரமும் ஓடித் திரும்பும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடோடு பின்னால் போய்விடும். வெற்றுக்கூடு வாயில் சிக்கும். டெசர்ட் ஈகிள் என்ற பெரிய கைத்துப்பாக்கியில் வேறொரு நுட்பம் உண்டு. அதன் மேகசின் உள்ளே சற்று அசைந்தாடும்படி அமைந்தது. தேநீர்க் கோப்பைக்குத் தட்டு வைப்பதுபோல் இடக்கையை அடியில் ஏந்திப் பிடித்தால், மேகசின் மேலே தள்ளப்பட்டுத் தோட்டா ஏறாமல் நிற்கும். இடக்கை வலக்கையைச் சுற்றி அணைத்திருக்க வேண்டும். அடியில் தாங்கக் கூடாது. அத்துப்பாக்கி குழலிலிருந்து எடுக்கும் வாயுவால் இயங்குவதால், உறையில்லாத ஈயக் குண்டு வாயுத்துளையை அடைத்துவிடும் என்பதையும் அறியாமல் மலிவான தோட்டாவைப் போட்டுச் சுட்டு, ‘நம்பகமில்லாத துப்பாக்கி’ என்று எழுதுவது நியாயமாகாது.

ஸ்லைடை இழுப்பது கடினமாக இருக்கிறது என்று ஒதுக்குபவர்கள், விரல் நுனிகளால் கிள்ளி இழுக்காமல் முழு உள்ளங்கையால் மேலிருந்து பற்றி, மறுகையால் சட்டத்தை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். 1911 போன்று வெளியே சுத்தியலுள்ளவற்றில் சுத்தியலை முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்தினால் ஸ்லைடு எளிதாக வரும். இல்லையேல் ஸ்பிரிங்கோடு சுத்தியலையும் சேர்த்தே நாம் இழுக்கிறோம்.

பாதுகாப்பில் ஒரு தவறை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பெரிய காலிபருக்குப் புதியவரிடம் நிறைந்த மேகசினைக் கொடுக்காதீர்கள். குழல் மேலே எகிறும்போது மிரண்டு இறுக்கும் விரல் டிரிகரை மறுபடி அழுத்தி, வானத்தையோ கூரையையோ சுடுபவரின் தலைப்பக்கத்தையோ நோக்கி இரண்டாம் குண்டு வெடிக்கக்கூடும். முதலில் ஒரே ஒரு தோட்டா, அது அடங்கிய பின் இன்னொன்று, பிறகு இரண்டு. சிரித்துக்கொண்டே கைபேசியில் படம் பிடிப்பதற்காக ஒரு புதியவரின் கையில் நிறைந்த .50 காலிபரைத் திணிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை நான் நின்று தடுத்திருக்கிறேன், இனியும் தடுப்பேன்.

சுடுதளத்தில் மதிப்பிடும்போது முதல் குண்டு எங்கே விழுந்தது என்பதை மட்டும் பார்ப்பதும் பயனற்றது. நிதானமாகச் சுடும் முதல் குண்டை ஏறக்குறைய எந்தத் துப்பாக்கியும் நன்றாகவே அனுப்பும். குழல் எகிறி இறங்கி, முன்காட்டி (குழல்முனையிலுள்ள குறிகாட்டி) மீண்டும் குறிக்கு வரும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது, பிடி கையில் நழுவியதா, ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் கையைச் சரிசெய்ய வேண்டியிருந்ததா என்பவையே கையாளுதலின் அளவுகோல்கள். ஏழு மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அளவுத் தாளில் ஐந்து குண்டுகளை, வெடியோசையைக் கொண்டு நேரம் கணக்கிடும் ஷாட் டைமர் வைத்துச் சுட்டு, உங்களுக்குப் பழகிய 9 மி.மீ. துப்பாக்கியின் நேரத்தோடு ஒப்பிட்டால், நினைவு சொல்வதைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றை நண்பரைக் கொண்டு உங்களுக்குத் தெரியாமல் செருகச் சொல்லுங்கள். அது வரும் முறை ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கும். அந்தக் கணத்தில் குழல்முனை அசையாமல் நின்றால் உங்கள் கை அந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முனை இரண்டு விரற்கடை கீழே குத்தினால், வராத உதையை எதிர்த்து நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள்.

நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. பழகிய 9 மி.மீ.-இல் பத்துக் குண்டுகளைச் சுட்டு அந்தத் தாளைத் தனியே எடுத்து வைப்பேன். பிறகு புதிய பெரிய காலிபரில் ஐம்பது, இடையிடையே ஓய்வு. இறுதியில் புதிய தாளொன்றில் மீண்டும் 9 மி.மீ.-இல் பத்து. இரண்டு 9 மி.மீ. தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இரண்டாவது தாளின் துளைகள் பரவிக் கீழே இறங்கியிருந்தால், அந்த ஐம்பது குண்டுகள் என் கைக்கு அச்சத்தைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்று பொருள். அன்று விடை எழுதுவதில்லை. மறுநாள் காலையில் பெருவிரல் அடியும் மணிக்கட்டும் முழங்கையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, துப்பாக்கியின் எடை, தோட்டாவின் கிரெயின், சுட்ட எண்ணிக்கை ஆகியவற்றோடு அதையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வாரம் வேறொரு தோட்டாவோடு அதே துப்பாக்கியை மீண்டும் எடுப்பேன்.