லாஸ் ஃபைல்களை இணைக்கும் முன் ஹெடரைப் பாருங்கள்

ஒரே ஆழ்துளைக் கிணற்றை இரண்டு மூன்று ரன்களில் (கருவியை உள்ளே இறக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரன்) லாக் எடுத்திருந்தால், அதாவது ஆழத்தோடு பாறையின் பண்புகளை அளந்திருந்தால், அந்த அளவீடுகள் உள்ள லாஸ் (LAS) ஃபைல்களும் தனித்தனியாகத்தான் வரும். பைத்தானில் இவற்றைப் படிக்கும் லாஸ்ஐஓ (lasio) நூலகம் இருந்தால் சேர்ப்பது சுலபம். ஆனால் முதலில் ஹெடரை, அதாவது அலகு போன்ற விவரங்கள் இருக்கும் ஃபைலின் தலைப்பகுதியை, படித்துவிடுங்கள். ஒன்றில் ஆழம் மீட்டரிலும் மற்றொன்றில் அடியிலும் இருக்கலாம். அரை அடி ஸ்டெப் (அடுத்தடுத்த இரு அளவீடுகளுக்கு இடையிலான ஆழ இடைவெளி) என்பது 0.1524 மீட்டர். அதை 0.15 என்று வைத்து ஆழத்தைக் கணக்கிட்டால், 1000 மீட்டருக்குள் கிட்டத்தட்ட 16 மீட்டர் பிசகிவிடும்! ஃபைலில் வரும் -999.25 என்பது அளவீடே அல்ல, ‘மதிப்பு இல்லை’ என்பதற்கான குறி. எக்செலில் சராசரி எடுக்கும்போது கவனம்.

இரண்டு ரன்களும் ஒன்றின்மேல் ஒன்று வரும் பகுதியில் காமா ரே கோடுகளை (பாறையின் இயற்கைக் கதிரியக்க அளவைக் காட்டுபவை) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேசிங்குக்குள் (கிணற்றில் பதித்த இரும்புக் குழாய்க்குள்) எடுத்த காமா குறைவாகவே காட்டும் என்பதால், எண்களை விட்டுவிட்டு முகடுகளைப் பொருத்தி ஆழத்தை நகர்த்துங்கள். இணைப்பது அதற்குப் பிறகுதான்.