கணக்கை யார் போடுவது? சிக்கல் தீர்த்தல் வழியாகக் கற்பிக்கும்போது நடக்கும் தவறுகள்

ஆசிரியர் போர்டில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். மாணவர்கள் எண்களை மாற்றி அதே மாதிரி பத்துக் கணக்குப் போடுகிறார்கள். பயிற்சி என்ற அளவில் இதில் தப்பே இல்லை, கைப்பழக்கம் வர இது வேண்டும்தான். ஆனால் பாடக் குறிப்பேட்டில் இதற்கே 'சிக்கல் தீர்த்தல்' என்று எழுதிவிடுகிறோம் பாருங்கள், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த வழியில் போவது என்று மாணவனே முடிவெடுக்க வேண்டியிருந்தால்தான் அது சிக்கல். வகுத்தல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்கு எல்லாமே வகுத்தல்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கேள்வியைப் படிக்காமலே பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துவிடுவார்கள், விடையும் சரியாக வந்துவிடும். பழைய பாடக் கணக்குகளையும் இடையில் கலந்து கொடுத்துப் பாருங்கள், யார் படித்துப் போடுகிறார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

படிக்காமல் போடும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இரண்டு பழைய சோதனைகள் உண்டு. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிறு வகுப்புப் பிள்ளைகளிடம், "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த தேசிய அளவிலான தேர்வு. 1128 வீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். 32 என்று சொன்னவர்களோ 23 சதவீதம்தான். அதைவிட அதிகமாக, 29 சதவீதம் பேர், "31, மீதி 12" என்று எழுதியிருந்தார்கள். மீதி 12 பேர் எதில் போவார்கள்?

இந்தப் பழக்கத்தை நாமே வளர்த்துவிடுகிறோம். 'மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்றால் கூட்டு' என்று சொல்லிக் கொடுக்கிறோம் இல்லையா? இப்போது இதைக் கொடுங்கள்: கவிதாவிடம் 12 பென்சில் இருக்கிறது, அது அருணிடம் இருப்பதைவிட 5 அதிகம், அருணிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் 17 என்று எழுதுவார்கள். குறுக்குவழி சொல்லித் தருவதைவிட, போடுவதற்கு முன்னால் "யாரிடம் கூட இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சீக்கிரம் கை கொடுப்பது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. நல்ல மனசோடு செய்வது என்பதால் கண்ணுக்கும் தெரிவதில்லை.

24 மீட்டர் கயிறு இருக்கிறது, அதை வைத்து ஒரு செவ்வகம் அமைத்தால் உள்ளே கிடைக்கும் இடம் அதிகபட்சம் எவ்வளவு? ஒரு மாணவி 10-க்கு 2 போட்டு 20 என்று எழுதுகிறாள். அப்புறம் 8-க்கு 4 போட்டு 32. அத்தோடு நின்று நோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் பக்கத்தில் வந்து, "சதுரமா வெச்சுப் பாரேன்" என்கிறார். 36 வந்துவிட்டது, அவளுக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கில் யோசிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான், அதை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். "ரெண்டுக்கும் கயிறு ஒண்ணுதானே, இடம் ஏன் மாறுது?" என்றோ, "அடுத்து எதைப் போட்டுப் பார்க்கப் போற?" என்றோ கேட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம்.

1999-இல் ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோ எடுத்து ஆராய்ந்தபோது இதே போக்கு அமெரிக்க வகுப்புகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. கருத்துகளைத் தொடர்புபடுத்தி யோசிக்க வைக்கும் கணக்குகள் அங்கேயும் கொடுக்கப்பட்டிருந்தன. பாடம் நடக்க நடக்க அவை கிட்டத்தட்ட எல்லாமே 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்ற செய்முறையாகச் சுருங்கிவிட்டன. நல்ல கணக்கைத் தேடிப் பிடித்தால் மட்டும் போதாது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே கதைதான். 1970-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு ரொம்ப நேரம். மனசுக்குள் எண்ணித்தான் பழக வேண்டும்.

அதற்காக அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. 'தானாகக் கண்டுபிடிக்கட்டும்' என்று எந்த அடிப்படையும் இல்லாத பிள்ளையைத் தவிக்க விடுவது எதிர்ப்பக்கத் தவறு. 1980-களில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் இதைத் தெளிவாகக் காட்டினார். புதிதாகக் கற்பவருக்கு விடை தேடுவதிலேயே மூளையின் வேலை நினைவு (யோசிக்கும் நேரத்துக்கு மட்டும் விவரங்களைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன இடம்) நிரம்பிவிடுகிறது, எதையும் மனத்தில் பதிய வைக்க இடம் மிஞ்சுவதில்லை. அந்த நிலையில் போட்டுக் காட்டிய கணக்கைப் படிப்பதே அதிகப் பலன் தருகிறது. ஓரளவு தேறிய பிறகு இது தலைகீழாகிறது. தெரிந்தவனுக்கு மறுபடி மறுபடி போட்டுக் காட்டினால் அது சுமைதான்.

கல்வி ஆய்வாளர் மனு கபூர் 2008 முதல் எழுதிவரும் ஆய்வுகள், முதலில் முட்டி மோதவிட்டுப் பிறகு பாடம் நடத்தினால் புரிதல் ஆழமாகிறது என்கின்றன. அதில் 'பிறகு பாடம் நடத்தினால்' என்ற பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன கயிற்றுக் கணக்கையே எடுங்கள். சுற்றளவும் பரப்பளவும் வேறு என்று தெரிந்த பிள்ளை திணறினால் அது நல்ல திணறல். அதுவே தெரியாத பிள்ளை வெறுமனே உட்கார்ந்திருக்கும். கணக்கைக் கொடுப்பதற்கு முன் இரண்டு சின்னக் கேள்வி கேட்டால் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

குழுவாக உட்கார வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுத்ததும் குழுவில் விட்டால் ஒருவன் போடுவான், மூன்று பேர் பார்த்து எழுதுவார்கள். முதல் ஐந்து நிமிடம் தனியாக, அப்புறம் சேர்ந்து.

விடை வந்ததும் அழித்துவிடுவது

ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் ஒரு கணக்கைச் சுற்றியே முழுப் பாடத்தையும் நடத்தும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் போடும்போது ஆசிரியர் மேசை மேசையாக நடந்து, யார் எப்படிப் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். யாரை எந்த வரிசையில் பேசவிடுவது என்பதை அப்போதே முடிவு செய்வார். பிறகு நடக்கும் கலந்துரையாடலை 'நெரியாகே' என்கிறார்கள். பாடம் முடியும்வரை போர்டை அழிப்பதில்லை, எல்லா வழிகளும் அருகருகே நிற்கும்.

நாம் செய்வது, "யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டு முதலில் கை தூக்கியவரை அழைப்பது. சரியான விடை முதலிலேயே போர்டுக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் நோட்டை அழிக்கத் தொடங்குவார்கள், பேச்சு முடிந்தது. கயிற்றுக் கணக்கில் கண்டபடி எண் போட்டுப் பார்த்தவரை முதலில் பேசவிடுங்கள். அடுத்து 11-1, 10-2, 9-3 என்று வரிசையாகப் பட்டியல் போட்டவர். அந்தப் பட்டியலில் 35-க்கு அடுத்து 36 வருவது எல்லாருக்கும் தெரியும். "5.5-க்கு 6.5 போட்டா?" என்று யாராவது கேட்பார்கள், 35.75 வரும். பெரிய வகுப்பானால் ஒருவர் (6+அ)(6−அ) என்று எழுதி, 36-இலிருந்து எப்போதும் ஏதோ கழிகிறது என்று காட்டலாம். "சதுரம் செவ்வகமா சார்?" என்ற கேள்வியும் கட்டாயம் எழும். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடாதீர்கள்.

1945-இல் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா கணக்குத் தீர்ப்பதற்கு வகுத்த நான்கு படிகளில் கடைசி, திரும்பிப் பார்ப்பது. நம்மிடம் அந்த நான்கு படிகளும் தேர்வில் எழுதும் நான்கு தலைப்பாக மாறிவிட்ட கூத்தும் உண்டு. 'கணக்கைப் புரிந்துகொள்ளுதல்' என்று அடிக்கோடிட்டு எழுதிவிட்டு, புரியாமலே அடுத்த வரிக்குப் போகிறார்கள். மார்க் கடைசி விடைக்கு மட்டும்தான் என்றால் பிள்ளைகளும் வேறு என்ன செய்வார்கள்? வழிக்கும், தப்பை எங்கே கண்டுபிடித்தோம் என்று எழுதுவதற்கும் பாதி மார்க்காவது ஒதுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒரு பீரியடுக்கு ஆறு கணக்கு வைத்திருந்தால் ஒன்றோ இரண்டோ போதும், மீதியை ஹோம்வொர்க்குக்கு விடுங்கள். 45 நிமிடத்தில் 25-வது நிமிடம் வந்ததும், பாதிப் பேர் முடிக்காவிட்டாலும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். முடிக்காதவர்கள் சொல்வதையும் போர்டில் எழுதுங்கள்.